ஹாக்கி அடிகள்: எது ஆறும், எது கூடவே வரும்

ஹாக்கிப் பந்தும் கிரிக்கெட் பந்தும் எடையில் ஏறக்குறைய ஒன்றுதான், 156 கிராமிலிருந்து 163 கிராம் வரை. கிரிக்கெட்டில் அந்தப் பந்தை எதிர்கொள்ளப் போகிறவர் ஹெல்மெட், பேட், கிளவுஸ், தொடைக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டு போகிறார். ஹாக்கியில் கோல் கீப்பரை விட்டால் மிச்சம் பத்துப் பேரும் ஷின் கார்டும், மனசு வைத்தால் மவுத் கார்டும் போட்டு இறங்குகிறோம். பந்து மட்டும் என்றாலும் பரவாயில்லை, சுற்றிலும் எல்லார் கையிலும் ஒரு ஸ்டிக் வேறு. அதனால் ஹாக்கி ஆடினேன் என்று சொன்னதும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "மூஞ்சியில அடி பட்டிருக்கா?" என்பதுதான். பட்டிருக்கிறது. மேல் பல்லில் இரண்டு என்னுடையதில்லை, புருவத்தில் தையல் தழும்பு இருக்கிறது. ஆனால் இப்போது அதில் எதுவும் எனக்கு வலிப்பதில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். பள்ளிக்கூடத்தில் ஸ்டிக்கைத் தொட்டு, ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல், காலேஜ், டிபார்ட்மென்ட் டீம் என்று ஃபுல் பேக்காகவே ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனவன். ஆட்டத்தை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது காலை வேளைகளில் பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என்னோடு ஆடியவர்களை வெட்டரன்ஸ் மேட்ச்சிலும் கல்யாண வீடுகளிலும் பார்க்கும்போது பேச்சு கடைசியில் உடம்பில்தான் வந்து நிற்கும். மாடிப்படி இறங்க முடியவில்லை, தரையில் சம்மணம் போட முடியவில்லை, பைக்கில் திருநெல்வேலி போய் வந்தால் மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்கு மைதானத்தில் கூட்டம் கூடிப் பதறின அடி ஒன்றுகூட இந்தப் பட்டியலில் வராது. "ஒண்ணுமில்ல, எந்திரி" என்று சொல்லித் தட்டிவிட்ட அடிகள்தான் எல்லாம். ரத்தம் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், தையல் போடுவார்கள், ஓய்வு கொடுப்பார்கள், அதனால் அது ஆறிவிடுகிறது. ரத்தம் வராத அடிக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை.

முதலில் கணுக்காலைச் சொல்கிறேன், ஹாக்கியில் அடிக்கடி போவது அதுதான். எங்கள் காலத்து மண் மைதானத்தில் மழை பெய்து காய்ந்தால் கட்டியும் குழியுமாக இருக்கும். பந்தைப் பார்த்துக் குனிந்தபடி ஓடுகிறவனுக்குக் குழி எங்கே தெரியப் போகிறது, கால் உள்பக்கமாக மடங்கும், வெளிப்பக்கத்து லிகமென்ட், அதாவது எலும்புகளைச் சேர்த்துக் கட்டுகிற நார், இழுபடும் அல்லது கிழியும். வீங்கும், கிரேப் பாண்டேஜ் சுற்றுவார்கள், ஒரு வாரத்தில் வீக்கம் வடியும், வடிந்ததும் இறக்கிவிடுவார்கள். எங்கள் லெஃப்ட் ஹாஃப் ஒருவருக்கு இது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு சீசனில் எத்தனை முறை பிசகினது என்று அவருக்கே தெரியாது, பூட்ஸுக்குள் பாண்டேஜோடுதான் ஆடுவார். இன்றைக்கு அந்த அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் காலை வைக்கிறார். சின்னக் கல் மிதிபட்டாலும் கால் பிரண்டுவிடும்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒரு பிசியோ எனக்கு விளக்கினார். லிகமென்ட் வெறும் கயிறு இல்லை, கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு நுனிகள் அதில் இருக்கின்றன. கிழிந்த லிகமென்ட் தழும்போடு சேர்ந்துவிட்டாலும் அந்த உணர்வு தானாகத் திரும்புவதில்லை, பயிற்சி கொடுத்துத்தான் வரவழைக்க வேண்டும். பயிற்சி பெரிய விஷயமும் இல்லை. அடிபட்ட காலில் மட்டும் நின்றுகொண்டு பல் தேய்க்க வேண்டும், அது பழகினதும் கண்ணை மூடி நிற்க வேண்டும், அப்புறம் ஒற்றைக் காலில் நின்றபடியே பந்தைச் சுவரில் அடித்துப் பிடிக்க வேண்டும், அப்புறம்தான் பக்கவாட்டில் தாவுவது. வீக்கம் வடிந்ததும் இதைத் தொடங்கி ஒன்றரை இரண்டு மாதம் விடாமல் செய்த பசங்களுக்கு மறுபடி மடங்குவது ரொம்பவே குறைந்ததை என் கண்ணால் பார்க்கிறேன். எக்ஸ்ரே எடுக்கணுமா வேண்டாமா என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: அடிபட்ட உடனேயும் அப்புறமும் நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மொட்டி எலும்பின் பின் ஓரத்தைத் தொட்டால் சுள்ளென்று வலித்தாலோ, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் புடைத்திருக்கும் எலும்பை அழுத்தினால் வலித்தாலோ எடுத்தே ஆகணும். இல்லாவிட்டால் பெரும்பாலும் லிகமென்ட்டோடு போய்விடும்.

நம் ஊரில் இதற்கு நடுவே இன்னொரு கட்டம் இருக்கிறது, சுளுக்கு வழிக்கிறது. கால் பிசகினால் அன்று சாயங்காலமே யாராவது பாட்டி வீட்டுக்கோ வைத்தியரிடமோ கூட்டிக்கொண்டு போய் எண்ணெய் போட்டு உருவி விடுவார்கள். பழைய பிடிப்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, நானே தேய்த்துக்கொள்கிறவன். ஆனால் அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளில் உருவினால் உள்ளே நின்றுகொண்டிருக்கிற ரத்தக் கசிவு மறுபடி திறந்துகொள்ளும். எங்கள் சென்டர் ஃபார்வர்டுக்குத் தொடையின் முன்பக்கம் நேராகப் பந்து பட்டு, கல்லு மாதிரி இறுகிப்போயிருந்ததை ஒருவர் தினமும் அழுத்தி அழுத்தி வழித்தார். ஒரு மாதம் கழித்தும் முட்டி மடங்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தசைக்குள்ளே எலும்பு வளர ஆரம்பித்திருந்தது. கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை, ஆனால் தொடை ரத்தக்கட்டை ஆரம்பத்திலேயே கசக்கினால் இப்படி ஆகும் என்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். அவர் அந்த வருஷம் முழுக்க ஆடவில்லை, இப்போதும் குத்த வைத்து உட்காரச் சிரமப்படுகிறார். தொடையில் அடிபட்டால் முட்டியை வலி தாங்குகிற அளவுக்கு மடக்கி வைத்து, துணி சுற்றின ஐஸைப் பதினைந்து இருபது நிமிடம் வைத்து எடுத்து, சில மணி நேரம் விட்டு மறுபடி வையுங்கள். வெறும் ஐஸைத் தோலில் நேராக வைக்க வேண்டாம், அதுவும் சுட்டுவிடும்.

கை. ஹாக்கியில் இடது கை மேலே, வலது கை கீழே. டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், படுத்து டேக்கிள் பண்ணும்போது ஸ்டிக்கைத் தரையோடு கிடத்துகிறோம், அப்போது இடது கை விரல் முட்டிகள் தரையில் உரசும், எதிராளியின் ஸ்டிக்கோ பந்தோ வந்தால் நேராக அங்கேதான். இடது கைக்கு மட்டும் கிளவுஸ் போடுகிறார்களே அது ஸ்டைலுக்கு இல்லை. என் இடது சுண்டு விரல் வளைந்தே இருக்கிறது, மோதிர விரலின் நடுக் கணு தடித்துப்போனதால் அதில் மோதிரம் ஏறாது. அது பரவாயில்லை, மார்கழி மாதக் காலையில் பைக் கிளட்ச் பிடிக்கும்போதுதான் தெரியும். விரல் நுனியில் பந்து குத்தி, நுனிக் கணு கீழே தொங்கி, தானாக நிமிர்த்த முடியாமல் போனால் அது வெறும் வீக்கம் இல்லை, நிமிர்த்துகிற தசைநார் அறுந்திருக்கிறது. நேராகப் பட்டை வைத்துக் கட்டி ஆறிலிருந்து எட்டு வாரம் ஒரு தடவைகூட மடங்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். நடுவில் குளிக்கும்போது கழற்றி ஒரு முறை மடங்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இதை யாரும் சொல்லித் தருவதில்லை, விரல்தானே என்று விட்டுவிடுகிறோம். ஆஸ்திரேலியாவின் மாட் டாசன் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மோதிர விரல் உடைந்து, ஆபரேஷன் செய்தால் ஆறுவதற்கு மாதக்கணக்காகும் என்றதும், நுனியை வெட்டியே எடுத்துவிடச் சொல்லிவிட்டு ஒலிம்பிக்கில் ஆடினார். அவர் முப்பது வயது, என்ன செய்கிறோம் என்று தெரிந்து எடுத்த முடிவு. பள்ளிக்கூடப் பையன் எவனாவது இதை வீரக்கதையாகச் சொன்னால் நான் கொஞ்சம் கோபப்படுவேன்.

முகத்து அடி ஆறிவிடும் என்று மேலே சொன்னதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, கண். இங்கிலாந்தின் சாம் வார்ட் 2019 நவம்பரில் மலேசியாவுக்கு எதிரான ஒலிம்பிக் தகுதி ஆட்டத்தில், தன் அணிக்காரரே அடித்த பந்து முகத்தில் பட்டு எலும்புகள் நொறுங்கி, இடது கண் பார்வையில் ஒரு பகுதியை இழந்தார். பிறகு மாஸ்க் போட்டுக்கொண்டு டோக்கியோவில் ஆடினார் என்பது வேறு விஷயம், போன பார்வை போனதுதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டன் பெண்கள் அணிக் கேப்டன் கேட் வால்ஷுக்கு முதல் மேட்ச்சிலேயே தாடை உடைந்து, பிளேட் வைத்துக்கொண்டு அதே ஒலிம்பிக்கில் திரும்பி வந்து வெண்கலம் வாங்கினார். தாடை சேரும், விழித்திரை சேராது. கண்ணில் அடிபட்டால் தேய்க்கக் கூடாது, அழுத்தி ஐஸ் வைக்கக் கூடாது, மேலே ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டிவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போகணும். கருவிழிக்குள் ரத்தம் தேங்கியிருந்தால் அது மருத்துவ அவசரம். அதைவிட முக்கியமாக, பார்வை சரியாகத் திரும்பிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினாலும் வருஷத்துக்கு ஒரு முறை கண் அழுத்தம் பார்க்கச் சொல்வார்கள், அதைத் தட்டாதீர்கள். அந்த அடியால் கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் சேதமாகி, பல வருஷம் கழித்து சத்தமில்லாமல் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் வரலாம்.

பல்லுக்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. வேரோடு விழுந்த நிரந்தரப் பல்லை அரை மணி நேரத்துக்குள், அதிகம் போனால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பொருத்தினால் பிடித்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு, அதுவரை காயாமல் இருக்கப் பாலில் போட்டு வைக்க வேண்டும். மைதானத்துக்கு வெளியே டீக்கடை இல்லாத ஊர் உண்டா? காய்ச்சாத குளிர்ந்த பாக்கெட் பாலைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள், பாய்லரில் கொதிக்கிற பால் வேண்டாம். பல்லை வெள்ளைப் பக்கம் பிடித்து எடுங்கள், வேர்ப் பக்கத்தைத் தொடவோ தேய்த்துக் கழுவவோ கூடாது, துணியில் மடித்துப் பாக்கெட்டில் போடவும் கூடாது. என் பற்களை அப்படித்தான் கைக்குட்டையில் சுற்றி யாரோ பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள், பாவம், நல்ல மனசுதான். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பொருத்துகிற மவுத் கார்ட் சில நூறு ரூபாய், செயற்கைப் பல்லுக்கு ஆகும் செலவு அதைப் போல எத்தனையோ மடங்கு, அதையும் சில வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

ஷார்ட் கார்னரை, அதாவது தடுக்கிற அணியின் தப்புக்காக எதிரணிக்குக் கிடைக்கிற பெனால்டி கார்னரை, சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசுகிற டிராக் ஃப்ளிக்கில் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரும், அதை நோக்கியே ஃபஸ்ட் ரன்னர், அதாவது தடுக்கிற அணியில் முதலில் பாய்ந்து ஓடுகிறவன், ஓட வேண்டும். நேராக அடிக்கிற முதல் அடி கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டர் பலகை உயரத்துக்குள் இருக்கணும், ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, எந்த உயரத்திலும் வரலாம். ஐந்து மீட்டருக்குள் ஓடி வருகிறவனுக்கு முட்டியிலோ அதற்கு மேலோ பட்டால் ஆபத்தான ஷாட் என்று டிஃபென்ஸுக்கு ஃப்ரீ ஹிட், முட்டிக்குக் கீழே பட்டால் இன்னொரு ஷார்ட் கார்னர். அதாவது உடம்பைக் கொடுத்து நிறுத்துகிறவனுக்குப் பாதி நேரம் பரிசாகக் கிடைப்பது மறுபடி ஓடுகிற வேலை. இந்திய அணியில் அமித் ரோஹிதாஸ் ஓடுவதைப் பார்த்துப் பசங்களுக்கெல்லாம் ஆசை, நல்லதுதான், ஆனால் அவர் மாஸ்க், கிளவுஸ், முட்டி கார்டு எல்லாம் போட்டுக்கொண்டு ஓடுகிறார். மாஸ்க் இல்லாத டீமில் நான் யாரையும் ஓட விடுவதில்லை, கோல் லைனிலேயே நில்லுங்கள் என்பேன். கோல் போனால் போகட்டும்.

அடுத்தது தலை. இதில்தான் நம் மைதானங்கள் இன்னும் ரொம்பப் பின்னால் இருக்கின்றன. பந்து பட்டோ மோதிக்கொண்டோ ஒருவன் விழுகிறான், தண்ணீர் தெளிக்கிறார்கள், எழுந்து உட்காருகிறான், "எத்தன விரல்டா?" என்று காட்டுகிறார்கள், சரியாகச் சொல்கிறான், கைதட்டி உள்ளே அனுப்புகிறார்கள். என்னோடு ஆடிய இன்னொரு ஃபுல் பேக் அப்படி இறங்கி மிச்ச ஆட்டத்தை முழுக்க ஆடினான், நன்றாகவே ஆடினான். ஆனால் ஸ்கோர் என்ன என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். சாயங்காலம் ஹாஸ்டலில் அந்த மேட்ச்சே அவன் ஞாபகத்தில் இல்லை. அதற்கப்புறம் பல மாதங்கள் வெளிச்சத்தைப் பார்த்தால் தலைவலி, புத்தகத்தை எடுத்தால் எழுத்து நகருகிறது, முன்கோபம். செமஸ்டரில் பேப்பர்கள் போயின, படிப்பில் அக்கறையில்லை என்று வீட்டில் திட்டு விழுந்தது. மூளை அதிர்ச்சிக்கு மயக்கம் வந்தே ஆகணும் என்றில்லை, ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் இருக்கும்.

எனவே எங்கள் குழுவில் சட்டம் ஒன்றுதான்: தலையில் பட்டு, ஒரு நிமிடம் தடுமாறினாலும், கேட்டதையே திரும்பக் கேட்டாலும், குமட்டினாலும் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. ஃபைனலாக இருந்தாலும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, செல்போனும் குறைவாக, பிறகு முதலில் பள்ளிக்கூடம், அது சிரமமில்லாமல் போனால் மெதுவான ஓட்டம், அப்புறம் ஸ்டிக் வேலை, மோதல் இருக்கிற ஆட்டம் கடைசியில், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகு. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் சின்ன வயசில் உயிருக்கே ஆபத்தாகலாம். திரும்பத் திரும்ப வாந்தி, கண்மணிகள் இரண்டும் வேறு வேறு அளவு, தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போவது, காதிலோ மூக்கிலோ தண்ணியாக வடிவது, இதில் எது இருந்தாலும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பையனின் அப்பா "சின்ன அடிக்குப் போய் உட்கார வெச்சிட்டீங்களே மாஸ்டர்" என்று வருத்தப்படுவார். படட்டும்.

முதுகைப் பற்றி எழுதினால் இன்னொரு கட்டுரையே ஆகும். ஹாக்கி முழுக்கக் குனிந்தே ஆடுகிற ஆட்டம், அதிலும் நேராகக் குனிவதில்லை, குனிந்தபடி ஒரு பக்கம் திரும்புகிறோம், அந்த நிலையிலேயே பிடித்து ஓடுகிறோம். வளர்கிற வயசில், பதினாலிலிருந்து பதினெட்டுக்குள், தினமும் நூற்றுக்கணக்கில் ஃப்ளிக் போடுகிற பையனுக்குக் கீழ் முதுகில் ஒரு பக்கமாக வலி வந்து, பின்னால் வளைந்தால் அதிகமாகி, இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிடிப்பு இல்லை என்று சந்தேகப்படுங்கள். முதுகெலும்பின் பின்வளைவில் விரிசல் விழுந்திருக்கலாம், 2019-ல் பும்ராவை வெளியே உட்கார வைத்ததும் முதுகு எலும்பில் வந்த இந்த மாதிரி விரிசல்தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ. வேண்டும். அப்போதே பிடித்தால் மூன்று மாதம்போல ஓய்வில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். விட்டால் சேராமலே போய் எலும்பு முன்னால் நழுவவும் வாய்ப்பு உண்டு. ஹாஸ்டல் பசங்க இதைச் சொல்லவே மாட்டார்கள், சொன்னால் செலக்‌ஷன் போய்விடும் என்ற பயம். அவர்கள் நடந்து வருவதைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, ஷூ லேஸ் கட்டக் குனியாமல் காலைத் தூக்கிப் படியில் வைக்கிறானா என்று பார்ப்பேன்.

முதுகுக்கு இன்னொரு காரணம் ஸ்டிக். அண்ணன் ஆடிவிட்டுக் கொடுத்த ஸ்டிக்கை வைத்தே ஆடுகிறார்கள், உயரம் வளர்ந்துவிடும், ஸ்டிக் வளராது. பக்கத்தில் நிறுத்தினால் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கு வரணும், பெரியவர்களுக்கு வழக்கமாக 36.5 அங்குலம், உயரமானவனுக்கு 37.5. இரண்டு அங்குலம் குட்டையான ஸ்டிக்கோடு ஒரு வருஷம் ஆடினவனின் முதுகைக் கேட்டுப் பாருங்கள். முட்டியை மடக்கி இறங்கு, முதுகை வளைக்காதே என்று நாங்கள் கத்துகிறோம், முட்டியை மடக்கத் தொடையில் பலம் வேண்டுமே, அது காலை மூன்று மணி நேரம் பந்து உருட்டினால் வராது. வாரத்தில் இரண்டு நாள் ஸ்டிக்கைத் தொடாமல் ஸ்குவாட், பிளாங்க், அப்புறம் இரண்டு பேராக, ஒருவன் மண்டியிட்டுக் கணுக்காலை இன்னொருவன் பிடிக்க மெதுவாக முன்னால் சாய்கிற பயிற்சி. இந்தக் கடைசிப் பயிற்சிக்கு நார்டிக் என்று பெயர், தொடையின் பின்தசை இழுப்பைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைக்கிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன, காசு ஒன்றும் கிடையாது.

தரை மாறியதையும் சொல்ல வேண்டும். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆஸ்ட்ரோ டர்ஃப் வந்ததும் இந்தியா ஏழாவது இடத்துக்குப் போன கதை எல்லாருக்கும் தெரியும். உடம்புகளுக்கு என்ன ஆனது என்று யாரும் பேசுவதில்லை. மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல் முட்டியைக் காப்பாற்றும். டர்ஃபில் கால் நட்ட இடத்தில் நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். வருஷம் முழுக்க மண்ணில் ஆடிவிட்டு டிரையல்ஸுக்கு மட்டும் டர்ஃபில் இறங்குகிற கிராமத்துப் பிள்ளைகளுக்குத்தான் தொடையும் கவட்டையும் முட்டியும் போகிறது. வெயிலில் தண்ணீர் அடிக்காமல் காய்ந்து கிடக்கிற டர்ஃப் இன்னும் மோசம், விழுந்தால் தோல் உரிந்து வெந்துவிடும், காலும் அதிகம் பிடிக்கும். டிரையல்ஸுக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்பே டர்ஃபில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள், பழைய ஸ்டட் பூட்ஸைத் தவிருங்கள், அடியில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கிற டர்ஃப் ஷூ போதும்.

முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். என்கிற லிகமென்ட் கிழிந்தால் "டப்" என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பல பேர் சொல்வார்கள், சில மணி நேரத்தில் முட்டி புடைத்துவிடும். இந்திய அணியின் ஃபார்வர்டு எஸ்.வி. சுனில் மாதிரி ஆளே 2018-ல் முட்டிக் காயத்தால் சொந்த நாட்டில் நடந்த உலகக் கோப்பையை ஆட முடியாமல் போனார். பெண்களுக்கு இது ஆண்களைவிட அதிகம் வருகிறது. எங்கள் பக்கத்து மாணவி ஒருத்திக்கு ஆபரேஷன் நன்றாகவே நடந்தது, ஆனால் பிசியோவுக்கு வாரம் மூன்று முறை பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டும், துணைக்கு ஆள் இல்லை, நின்றுபோனது. தொடை இளைத்துவிட்டது, இரண்டு தொடையையும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னாலேயே அதற்கப்புறம் வரப்போகிற ஒன்பது மாதத்தை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள், ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டத்துக்குத் திரும்பினால் மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். அதற்கப்புறமும் கதை முடியவில்லை. ஏ.சி.எல். கிழிந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பத்து இருபது வருஷத்தில் மூட்டுத் தேய்மானம் எக்ஸ்ரேயில் தெரிகிறது, ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதில் அடக்கம். இருபது வயசில் கிழிந்தால் நாற்பதில் முட்டி அறுபது வயசுக்காரருடையது. தொடைப் பலத்தைக் காப்பதும் எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதும்தான் இருக்கிற வழி. ஆட்டத்தை நிறுத்தினதும் சாப்பாடு மட்டும் அதே அளவில் நிற்பதுதான் எங்கள் செட்டின் பொது வியாதி.

கோல் கீப்பர்கள் தனி ஜாதி, காலை விரித்து விழுந்து விழுந்து இடுப்பு மூட்டும் கவட்டையும் போகும், அதை ஒரு கீப்பரே எழுதினால்தான் சரியாக இருக்கும்.

வலி ஊசியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். டோர்னமென்ட் நேரத்தில் "ஒரு டைக்ளோ போட்டுட்டு இறங்கு" என்பது சர்வசாதாரணம். வலி என்பது உடம்பு சொல்கிற செய்தி, அதை அமுக்கிவிட்டு ஆடினால் இரண்டு வாரத்தில் ஆறுகிற தசை இழுப்பு இரண்டு மாதமாகும். அதற்கு மேல், மே மாத வெயிலில் வியர்த்து ஊற்றி உடம்பில் தண்ணீர் இல்லாத நேரத்தில் அந்த மருந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், வெறும் வயிற்றில் மாத்திரையாக விழுங்கினால் வயிற்றுப்புண்ணும் உண்டு. பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு மேட்ச் ஆடுவதற்காக வலி ஊசி போடச் சொல்லும் மேனேஜரிடம், அது யாராக இருந்தாலும், முடியாது என்று பெற்றோர் சொல்லலாம். சொல்லணும்.

அப்புறம் காகிதங்கள். அடிபட்ட தேதி, எங்கே பார்த்தது, என்ன ஸ்கேன், என்ன சொன்னார்கள் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். டோர்னமென்ட்டில் அடிபட்டால் அமைப்பாளர்களிடம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வாங்குங்கள், பிறகு காப்பீடு கேட்கும்போது அந்தத் தாள் இல்லாமல் அலைந்தவர்களை எனக்குத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷன் பேச்சு வந்ததுமே எது எதற்குச் செல்லும் என்று ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள், பணம் கட்டின பிறகு கேட்டுப் பிரயோஜனமில்லை. எக்ஸ்ரே ஃபிலிமையும் வெளிச்சத்தில் பிடித்து மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பீரோ மேலே கிடந்து வெயில் சூட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டால் அப்புறம் எந்த டாக்டராலும் அதில் எதையும் பார்க்க முடியாது.